போன் ஸ்கேன் ஊசிக்கு மூன்று நாள் தனிமை தேவையில்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் தன் தாயாருக்கு போன் ஸ்கேன் (எலும்பு ஸ்கேன்) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் போடும் கதிரியக்க ஊசிக்குப் பிறகு அவர் பேரக்குழந்தைகளுடன் இருக்கலாமா என்று உங்கள் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். மூன்று நாள் தனி அறை, தனித் தட்டு, தனிக் கழிப்பறை என்று பதில் வந்திருந்தது. அது வேறொரு மருந்துக்குச் சொல்லவேண்டிய அறிவுரை. தைராய்டு புற்றுநோய்க்கு அதிக அளவில் கொடுக்கும் அயோடின்-131க்கு உரிய கட்டுப்பாட்டை, போன் ஸ்கேனுக்குப் போடும் டெக்னீசியம்-99எம் ஊசிக்கு ஏற்றிச் சொல்லிவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு, "வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஸ்கேன் வேண்டாம்" என்று யாராவது தள்ளிப்போட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அயோடின்-131இன் அரை ஆயுட்காலம், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். அது வெளியிடும் பீட்டா துகள்கள் ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் திசுவை அழிக்கும். அழிப்பதற்காகத்தான் அதைக் கொடுக்கிறார்கள். புற்றுநோய்க்கு 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். எச்சில், வியர்வை, சிறுநீர் எல்லாவற்றிலும் அது வெளியேறும். தனி அறையும் தனிக் கழிப்பறையும் அங்கே அவசியம். டெக்னீசியம்-99எம் படம் எடுப்பதற்கு மட்டுமே பயன்படுவது. அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். அதிலிருந்து வருவது 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர். உடலைத் துளைத்து வெளியே வரும் அளவுக்கு அதற்கு வலு உண்டு. காமா கேமராவின் ஒரு செ.மீ. தடிமனுள்ள சோடியம் அயோடைடு படிகத்தில் பிடிபடும் அளவுக்கு அது மென்மையானதும்கூட. அயோடினைப் போலத் திசுவை அழிக்கும் பீட்டா இதில் கிட்டத்தட்ட இல்லை. ஒரு படம் எடுக்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான எண்களை நாமே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் அமைந்திருக்காது.

கணக்கைப் பாருங்கள். காலை 10 மணிக்கு 20 மில்லிகியூரி ஊசி போட்டால், மாலை 4 மணிக்கு 10, இரவு 10 மணிக்கு 5, விடியற்காலை 4 மணிக்கு இரண்டரை, மறுநாள் காலை 10 மணிக்கு ஒன்றேகால். இது கதிரியக்கம் தானாகத் தேய்வதற்கான கணக்கு மட்டும். போன் ஸ்கேன் மருந்தில் ஏறக்குறைய பாதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடுவதால், உடலில் மிஞ்சுவது இன்னும் குறைவு. ஊசி போட்ட உடனேயேகூட ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கிடைக்கும் அளவு மணிக்குப் பத்து மைக்ரோசீவர்ட்டை (சீவர்ட் என்பது உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு; ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி) ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். பக்கத்து நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு வருவது, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நான்கைந்து நாளில் எல்லோருக்கும் வரும் அளவுதான். ஊசி போட்டுக்கொண்டவருக்கு மொத்தம் 4 மில்லிசீவர்ட் அளவில் வரும். உலக சராசரியில் இயற்கையிலிருந்து ஆண்டுக்கு ஒருவருக்கு 2.4 மில்லிசீவர்ட். கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட் மணல் கிடக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் இயற்கை அளவே அதிகம்.

அப்படியானால் வீட்டில் என்னதான் கவனிக்க வேண்டும்? அன்று ஒரு நாள் கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். தூக்கிக் கொஞ்சிவிட்டு இறக்கிவிடலாம். கர்ப்பிணிகளோடு ஒட்டி உட்காருவதையும் அன்று மட்டும் தவிர்க்கலாம். கழிப்பறை போனால் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, இரண்டு முறை தண்ணீர் ஊற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தட்டு, டம்ளர், பாய், தலையணை எதையும் பிரிக்க வேண்டாம். பாலூட்டும் தாய் என்றால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தைராய்டு ஸ்கேனுக்கும் நுரையீரல் ஸ்கேனுக்கும் 12 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வார்கள். எலும்பு, சிறுநீரக ஸ்கேன்களுக்கு நான்கு மணி நேரம் விட்டு, அந்த ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சிக் கொட்டினால் போதும். ஊசிக்கு முன்பே பால் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் குழந்தைக்குப் பசியும் இல்லை, தாய்க்குத் தவிப்பும் இல்லை. ஓரிரு நாளில் விமானம் ஏறுபவர்கள் மருத்துவமனையிடம் ஒரு சான்றுக் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. விமான நிலையத்துக் கதிரியக்கக் கருவிகள் மிக நுட்பமானவை. ஆபத்தே இல்லாத அளவுக்கும் அலறும்.

இனி அந்தப் பொருளைப் பற்றி. டெக்னீசியத்தின் அணு எண் 43. தனிம வரிசை அட்டவணையில் மாலிப்டினத்துக்கும் ருத்தீனியத்துக்கும் நடுவே, மெண்டலீவ் காலத்திலிருந்தே காலியாகக் கிடந்த இடம் அது. நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூட இல்லாததால், பூமி உருவானபோது இருந்ததெல்லாம் எப்போதோ சிதைந்து முடிந்துவிட்டது; யுரேனியத் தாதுவில் இம்மியளவு உண்டாகி மறைவதைத் தவிர இயற்கையில் இல்லை. அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியலாளர் லாரன்ஸின் சைக்ளோட்ரான் என்ற அணுத்துகள் முடுக்கிக் கருவியில் கதிர் பட்டுப் பழசாகிப்போன மாலிப்டினத் தகட்டை இத்தாலிக்கு வரவழைத்து, 1937இல் பலெர்மோவில் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியேவும் அதிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். மனிதர் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் இதுதான். உலோகமாகப் பார்த்தால் சாம்பல் கலந்த வெள்ளி நிறம், 2157 டிகிரி செல்சியஸில் உருகும், ஈயத்தைப் போலவே கனம், ஏறக்குறைய 7.5 கெல்வினுக்குக் கீழே மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிவிடும். தண்ணீரில் மிகச் சிறிதளவு பெர்டெக்னடேட் (டெக்னீசியமும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு) கலந்தாலே இரும்பு துருப்பிடிக்காது என்றும் கண்டார்கள். கதிரியக்கப் பொருளைக் கொதிகலனில் கலக்க யார் துணிவார்கள்? மருத்துவம் மட்டுமே இதற்குப் பெரிய வேலை கொடுத்தது.

99எம் சிதைந்தால் சாதாரண டெக்னீசியம்-99 ஆகிறது. அதன் அரை ஆயுட்காலம் 2 லட்சத்து 11 ஆயிரம் ஆண்டு. இணையத்தில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நோயாளிகள் பதறுவதுண்டு. 20 மில்லிகியூரி ஊசியில் இருக்கும் 99எம் அணுக்களின் மொத்த எடை ஒரு கிராமில் நூறு கோடியில் நான்கு பங்கு. அவை முழுவதும் டெக்னீசியம்-99 ஆன பிறகு நொடிக்கு இரண்டு அல்லது மூன்று அணுதான் சிதையும். ஊசி மருந்தில் ஏற்கெனவே கலந்திருக்கும் டெக்னீசியம்-99ஐச் சேர்த்தாலும் பொதுவாகச் சில பத்தைத் தாண்டாது. வாழைப்பழத்திலும் கீரையிலும் வரும் பொட்டாசியத்தால் நம் ஒவ்வொருவர் உடலிலும் நொடிக்கு நாலாயிரம் அணு போலச் சிதைந்துகொண்டே இருக்கிறது. ஆயுள் நீளமென்றால் சிதைவு மெதுவாக நடக்கிறது என்று பொருள். அச்சப்பட வேண்டிய டெக்னீசியம் வேறிடத்தில் இருக்கிறது: அணு உலை எரிபொருளை மறுபதப்படுத்தும் ஆலைகளின் கழிவில். அங்கே கிலோ கணக்கில் சேரும். பெர்டெக்னடேட்டாகத் தண்ணீரோடு எளிதில் நகரும். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு ஆலை 1994க்குப் பிறகு ஐரிஷ் கடலில் விட்ட டெக்னீசியம் சிங்கி இறாலில் ஏற, நார்வே சண்டைக்கே வந்தது. பிறகுதான் அதைக் கழிவிலேயே பிரித்து நிறுத்த வழி செய்தார்கள். அந்தக் கவலையை ஸ்கேன் அறைக்குள் கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆறு மணி நேரத்தில் பாதியாகும் பொருளை மும்பையில் செய்து தமிழ்நாட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால் அதன் தாய்ப் பொருளான மாலிப்டினம்-99ஐ அனுப்புகிறார்கள். அதற்கு அரை ஆயுட்காலம் 66 மணி நேரம். அணு உலையில் யுரேனியம் பிளவுபடும்போது கிடைக்கும் துண்டுகளில் ஒன்று அது. மருத்துவமனைக்கு வருவது ஜெனரேட்டர் என்ற ஈயக் கவசமிட்ட பெட்டி. உள்ளே விரல் அளவுக் கண்ணாடிக் குழாய். அதில் அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடுத் தூள். தூளின் மேல் மாலிப்டினம்-99 மாலிப்டேட் என்ற உப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். மாலிப்டினம் சிதையச் சிதையப் பெர்டெக்னடேட் உண்டாகிறது. அதன் மின்னூட்டம் குறைவு என்பதால் அலுமினாவில் பிடிமானமும் குறைவு. 0.9 சதவீத சலைனை (உப்புநீரை) மேலே விட்டால், குளோரைடு அயனி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பெர்டெக்னடேட்டைக் கீழே தள்ளிவிடும்; மாலிப்டேட் தூளிலேயே நின்றுவிடும். டெக்னீசியம் மறுபடி ஊறியதும் மறுபடி எடுக்கலாம். தொழிலில் இதைப் பால் கறப்பது என்றே சொல்வார்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1950களின் கடைசியில் உருவான ஏற்பாடு இது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

கறக்கும் முறை எளிது, கெடுக்கும் வழிகளும் எளிது. ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, முதலில் சலைன் குப்பியைச் செருக வேண்டும். பிறகுதான் ஈய உறைக்குள் இருக்கும் வெற்றிடக் குப்பியை மறுமுனையில் வைக்க வேண்டும். வரிசை மாறினால் சலைன் வருவதற்கு முன் காற்றை இழுத்து வெற்றிடம் தீர்ந்துபோகும். சலைன் முழுவதும் இறங்கிய பிறகும் காற்றுக் குமிழி போய் நிற்கும்வரை விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பாதியில் எடுத்தால் குழாயில் ஈரம் தங்கும். கதிர் பட்டு அந்த ஈரத்தில் பெராக்சைடு போன்றவை உண்டாகி, மறுநாள் எடுக்கும் அளவு சரியும். "இந்த வாரம் ஜெனரேட்டரே வீக்" என்று வரும் புகார்களில் ஒரு பகுதிக்கு முந்தைய நாள் அவசரம்தான் காரணம். கிருமிக்கொல்லி சேர்த்த சலைனைப் பயன்படுத்தவே கூடாது; அடுத்த கட்டத்தில் மருந்தைக் கெடுத்துவிடும்.

எடுத்ததும் மூன்று சோதனை. முதலில் டோஸ் காலிப்ரேட்டர் என்ற கதிரியக்க அளவுக் கருவியில் அளவு. இரண்டாவது, மாலிப்டினம் கசிந்திருக்கிறதா என்பது. குப்பியை 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈயக் குவளைக்குள் இறக்கி அளந்தால், டெக்னீசியத்தின் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் அதிலேயே நின்றுவிடும். மாலிப்டினத்தின் 740 மட்டும் ஊடுருவி வந்து எண்ணில் தெரியும். ஊசி போடும் நேரத்தில் ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரிக்கு மேல் மாலிப்டினம் இருக்கக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. "ஊசி போடும் நேரத்தில்" என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. காலை 7 மணிக்கு 0.05 என்று வந்தால் நிம்மதி. ஆனால் டெக்னீசியம் வேகமாகத் தேய, மாலிப்டினம் மெதுவாகத் தேய்வதால் விகிதம் ஏறிக்கொண்டே போகும். ஆறு மணி நேரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு, பன்னிரண்டு மணி நேரத்தில் மூன்றரை மடங்கு. அதே குப்பி இரவு 7 மணிக்கு வரம்பைத் தாண்டிவிடும். மூன்றாவது, அலுமினாவிலிருந்து கரைந்து வந்திருக்கக்கூடிய அலுமினியம். அலுமினியம் பட்டால் சிவக்கும் அலுமினான் தாளில் ஒரு துளி, பக்கத்திலேயே மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் உள்ள ஒப்பீட்டுத் துளி. நம் துளியின் சிவப்பு அதைவிட அடர்த்தியாக இருந்தால் குப்பியை ஒதுக்க வேண்டும். அலுமினியம் மிஞ்சினால் கல்லீரல் ஸ்கேனுக்கான சல்பர் கொலாய்டு மருந்து திரண்டு, கல்லீரலுக்குப் போகவேண்டியது நுரையீரலில் சிக்கும். எலும்பு மருந்து கல்லீரலில் படியும்.

வெறும் பெர்டெக்னடேட் தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, வயிறு ஆகிய இடங்களுக்குத்தான் போகும். எலும்புக்கோ இதயத்துக்கோ போகவேண்டுமென்றால் அதற்குரிய மருந்தோடு இணைக்க வேண்டும். இந்த மருந்துகள் உறைந்து உலர்ந்த தூளாக, நைட்ரஜன் நிரப்பிய குப்பிகளில் வரும்; 'கிட்' என்பார்கள். எலும்புக்கு எம்டிபி, சிறுநீரகம் வடிகட்டும் திறனுக்கு டிடிபிஏ, சிறுநீரகத் தழும்புக்கு டிஎம்எஸ்ஏ, இதயத்துக்கு மிபி, நுரையீரல் ரத்த ஓட்டத்துக்கு எம்ஏஏ. எல்லாவற்றிலும் சிறிதளவு ஸ்டானஸ் குளோரைடு உண்டு. அந்த வெள்ளீய உப்புதான் டெக்னீசியத்தின் ஏழாம் ஆக்சிஜனேற்ற நிலையைக் கீழிறக்கி, மருந்தோடு பிணையும்படி செய்கிறது. அதற்கு முதல் எதிரி காற்று. டெக்னீசியத்தைக் குப்பிக்குள் செலுத்தியதும் அதே சிரிஞ்சில் அதே அளவு வாயுவைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் சமமாகும், காற்றும் நுழையாது. சிரிஞ்சில் இருந்த காற்றோடு சேர்த்துச் செலுத்தினால் ஸ்டானஸ் வீணாகும். பிணையாத பெர்டெக்னடேட் மிஞ்சும். போன் ஸ்கேன் படத்தில் கழுத்தில் தைராய்டும் இடப்பக்கம் வயிறும் பளிச்சென்று தெரிந்தால், நோயாளியிடம் காரணம் தேடுவதற்கு முன் கிட் கலந்த விதத்தைப் பாருங்கள்.

இரண்டாவது எதிரி நீண்ட விடுமுறை. வெள்ளிக்கிழமை எடுத்த ஜெனரேட்டரைத் திங்கள்கிழமைதான் மறுபடி தொட்டால், இடையில் உண்டான 99எம் பெரும்பாலும் சிதைந்து டெக்னீசியம்-99ஆகக் குழாயிலேயே சேர்ந்திருக்கும். வேதியியலில் இரண்டும் ஒன்றே. அதுவும் ஸ்டானஸைத் தின்னும், மருந்தோடு பிணையும். நமக்கு வேண்டிய 99எம் வெளியே நிற்கும். 72 மணி நேர இடைவெளிக்குப் பின் எடுத்த குப்பியில் பன்னிரண்டு, பதின்மூன்று அணுவுக்கு ஒன்றுதான் 99எம். மூளை ரத்த ஓட்டத்துக்கான எச்எம்பிஏஓ மருந்து இதில் மிகவும் ரோஷக்காரன்: ஜெனரேட்டரை முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை கறந்திருக்க வேண்டும், எடுத்த கரைசலும் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். அதனால் தீபாவளி, பொங்கல் விடுமுறைக்குப் பின் முதலில் எடுப்பதைக் கொட்டிவிட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு மறுபடி எடுப்பதே சரி. ஆறு மணி நேரத்தில் உச்சத்தில் பாதி ஊறிவிடும். 23 மணி நேரம் போல முழு உச்சம்.

மிபியைக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் எடுத்தால் பிணைப்பு முழுமையாகாது. எம்ஏஏ என்பது கரைசலே இல்லை. நுண்ணிய புரதத் துகள்கள் தண்ணீரில் மிதப்பது. எடுக்கும் முன்பும் போடும் முன்பும் மெதுவாகக் குலுக்க வேண்டும், படுத்த நிலையில் போட வேண்டும். வழக்கப்படி சிரிஞ்சுக்குள் ரத்தத்தை இழுத்துப் பார்த்தால் துகள்களோடு ரத்தம் உறைந்து கட்டியாகும். படத்தில் நுரையீரலில் பெரிய பொட்டுகள் தெரியும். நுரையீரல் அழுத்தம் அதிகமுள்ளவருக்குத் துகள் எண்ணிக்கையை ஒரு லட்சம் அளவுக்குக் குறைக்க வேண்டும்.

கலந்த மருந்து சரியா என்று பார்க்க, இரண்டு தாள் கீற்றுகள் போதும். ஒன்றை அசிட்டோனில் நிறுத்தினால் பிணையாத பெர்டெக்னடேட் மேலே ஓடும். மற்றொன்றைச் சலைனில் நிறுத்தினால் மருந்து மேலே போகும், தண்ணீரோடு வினைபுரிந்து படிவாகிப்போன டெக்னீசியம் அடியிலேயே நிற்கும். இரண்டையும் நறுக்கி எண்ணி, கழித்துப் பார்த்தால் தூய்மை தெரியும்; எம்டிபிக்கு 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. மொத்தம் பத்து நிமிட வேலை. வெளியே முப்பது பேர் காத்திருக்கும் நாளில் முதலில் காவு கொடுக்கப்படுவதும் இந்தப் பத்து நிமிடம்தான். எங்கள் கருத்தில் இது மன்னிக்கக்கூடியதல்ல. கெட்ட மருந்தை ஒரு குப்பியில் கண்டுபிடிக்காமல் விட்டால் ஏழெட்டுப் பேருக்கு வீணாகக் கதிர் கொடுத்து, மறுபடி வரச் சொல்ல வேண்டியிருக்கும். ஊழியர்களின் பாதுகாப்பும் இதில் அடக்கம். டெக்னீசியத்தின் கதிரை மூன்று மில்லிமீட்டர் ஈயமே ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். சிரிஞ்ச் கவசம் கனக்கிறது, கை நடுங்குகிறது என்று கழற்றி வைப்பவர்கள் விரல்களில் வாங்கிக்கொள்கிறார்கள். மார்பில் குத்தியிருக்கும், வாங்கிய கதிரைப் பதியும் டிஎல்டி பேட்ஜ் விரலுக்கு வந்ததைக் காட்டாது. மோதிர பேட்ஜ் வேண்டும்.

நோயாளிகள் பக்கத்தில் கெடும் விஷயங்களும் உண்டு, அவற்றை முன்கூட்டியே சொல்லிவைக்காதது பெரும்பாலும் மருத்துவமனையின் குறை. ஊசி ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் முழங்கையில் பெரிய பொட்டு மட்டுமல்ல, அக்குளில் ஒரு நிணநீர்க் கணுவும் ஒளிரும். மார்பகப் புற்றுநோயாளிக்கு அது எவ்வளவு தவறான பீதி என்று சொல்லத் தேவையில்லை. அறுவை செய்யாத பக்கத்துக் கையில், வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) போட்டு, சலைன் விட்டுப் பார்த்துத்தான் செலுத்த வேண்டும். எலும்பு மருந்து பதிய மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் நான்கைந்து டம்ளர் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் தசையில் தங்கியது வெளியேறிப் படம் தெளியும். இதய, சிறுநீரக நோயால் தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்த வேண்டும். படுக்கும் முன் கடைசியாக ஒருமுறை போய்வர வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை இடுப்பெலும்பை மறைக்கும். புடவையிலோ வேட்டியிலோ ஒரு சொட்டு சிறுநீர் பட்டாலும் தொடையெலும்பில் புற்று பரவியதைப் போலவே தெரியும். சந்தேகம் வந்தால் உடையை மாற்றி, தோலைத் துடைத்து, அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும். தாலிச் சங்கிலியும் அரைஞாண் வெள்ளியும் சட்டைப்பை நாணயமும் கதிரை மறைத்து ஓட்டைகளாகத் தெரியும்.

இதய ஸ்கேனில் ரத்தக்குழாயை விரிக்கும் அடினோசின் மருந்து கொடுப்பதாக இருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, கோலா, சாக்லேட் கூடாது. காஃபீன் அந்த மருந்தைத் தடுத்துவிடும். அடைப்பு உள்ள இதயமும் நல்ல இதயமாகப் படத்தில் வந்துவிடும். காலை டிகாக்‌ஷனை "ஒரு வாய்தான் குடித்தேன்" என்று மறைக்காதீர்கள், சொல்லிவிட்டால் வேறு நாள் தருவார்கள். தைராய்டு ஸ்கேன் எடுக்க வேண்டியவர் அதற்கு முன் அயோடின் சாயம் ஏற்றிய சிடி எடுத்திருந்தால், சுரப்பி நான்கு முதல் ஆறு வாரம் வரை டெக்னீசியத்தைச் சரியாக வாங்காது. எந்தச் சோதனை முதலில் என்று இரண்டு மருத்துவர்கள் பேசிக்கொள்ளாததால் இது நேர்கிறது. போன் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்றும் அல்ல. எலும்பு புதிதாக வளரும் இடமெல்லாம் ஒளிரும்: பழைய விலா முறிவு, மூட்டுத் தேய்மானம், பல் பிடுங்கிய தாடை எல்லாமே. மாறாக, எலும்பை அரித்து மட்டும் போகும் மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றைத் தவறவிடக்கூடும். அறிக்கையில் ஒரு வரியைப் பார்த்துவிட்டு மனம் உடைந்துபோக வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய விரயம் நேரத்தால் வருவது. திங்கள்கிழமை காலை ஜெனரேட்டர் தருவதை 100 என்று வைத்தால், செவ்வாய் 78, புதன் 60, வியாழன் 47, வெள்ளி 36. 20 மில்லிகியூரி கேட்கும் போன் ஸ்கேன்களை வார முதலிலும், 5 மில்லிகியூரி அளவில் முடியும் சிறுநீரக, தைராய்டு ஸ்கேன்களை வாரக் கடைசியிலும் வைப்பது அதனால்தான். "வெள்ளிக்கிழமை வரச் சொன்னால் என்ன" என்று கோபிப்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. காலை 10 மணிக்கென்று சிரிஞ்சில் எடுத்துவைத்த 20, நோயாளி மதியம் 1 மணிக்கு வந்தால் 14தான். குறைந்த அளவில் படம் எடுக்க நேரம் கூடும், வலியோடு இருப்பவர் மேடையில் அசைவார், படம் கலங்கும். வரமுடியாவிட்டால் முந்தைய நாள் மாலையே ஒரு போன் செய்துவிட்டால் அந்த மருந்து இன்னொருவருக்குப் போகும்.

இந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உலகுக்கு மாலிப்டினம்-99 தருவது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆராய்ச்சி உலைகள். 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை கசிவால் நின்று, மறு ஆண்டு ஆகஸ்ட்வரை ஓடவில்லை. நெதர்லாந்தின் பெட்டன் உலையும் அதே காலத்தில் பழுதுக்கு நிறுத்தப்பட, பல நாடுகளில் ஸ்கேன் வரிசை நீண்டது. பெட்டனில் 2024 அக்டோபரில் ஒரு குழாயில் கண்ட உருக்குலைவால் மறுபடி தட்டுப்பாடு. இந்தியாவில் டிராம்பேயின் துருவா உலையும், ஐசோடோப்பு வழங்கும் பிரிட் நிறுவனமும் இருக்கின்றன. உலை கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருந்தாலும், ஒரு விமானம் தாமதமானால் இங்கே திங்கள்கிழமைப் பட்டியல் கலைந்துவிடும். பெட் ஸ்கேன் வாங்கும் விழாக்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு, அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கும் காமா கேமராக்களுக்கு வாரம் தவறாமல் ஜெனரேட்டர் வாங்கும் ஒப்பந்தத்துக்கும் கிடைக்க வேண்டும். கேமரா இருந்தும் டெக்னீசியம் இல்லாத வாரம், கேமராவே இல்லாத வாரம்தான்.

ஆசிரியர் அவர்களுக்கு எங்கள் கோரிக்கை ஒன்றே. அதே கேள்வி-பதில் பகுதியில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள்: எலும்பு, இதயம், சிறுநீரகம், நுரையீரல், தைராய்டு ஆகியவற்றுக்கு டெக்னீசியம் ஊசி போட்டவர்களுக்குத் தனி அறை தேவையில்லை, அன்று ஒரு நாள் கைக்குழந்தையோடும் கர்ப்பிணியோடும் நெருங்கியிருக்கும் நேரத்தைக் குறைத்தால் போதும், மூன்று நாள் கட்டுப்பாடு அயோடின்-131 சிகிச்சை பெற்றவர்களுக்கு, அதுவும் மருத்துவமனை எழுதிக் கொடுக்கும் அளவுப்படி. அந்தப் பதிலைப் படித்து ஸ்கேனைத் தள்ளிப்போட்டவர்கள் இருந்தால், உடனே அழைத்துப் புதிய தேதி வாங்கிக்கொள்ளட்டும். திங்களும் செவ்வாயும் கேட்பது நல்லது.

இப்படிக்கு,
அணு மருத்துவத் தொழில்நுட்பர்கள் சிலர்,
மதுரை.